முதலில் ஃபேனை நிறுத்துங்கள்: வீட்டு அறையில் பாட்டுப் பதிவும் மிக்ஸிங்கும் பழகுவோருக்கு

சென்னை நங்கநல்லூரில் என் மாடி அறையில் நான் முதன்முதலாகப் பதிவு செய்தது பெரியம்மா பாடிய ஒரு தாலாட்டு. மே மாதம். ஃபேனை ஒன்றில் வைத்திருந்தேன். பதிவாகும்போது ஹெட்போனில் அந்தச் சத்தம் தெரியவே இல்லை. அப்புறம் மிக்ஸ் செய்ய (பதிவானவற்றைச் சமன்செய்து கலக்க) உட்கார்ந்து, குரலை முன்னால் கொண்டுவரக் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டதும், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஃபேன் எழுந்து பாடத் தொடங்கியது. குரலிலும் ஒரு மெல்லிய நடுக்கம். பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவர் சரியாகத்தான் பாடியிருந்தார். குரல் ஃபேன் இறக்கைகளில் பட்டுத் திரும்பி மைக்குக்கு வந்ததால் உண்டான நடுக்கம் அது. காசு போட்டு வாங்கிய மைக்காலும் ப்ளக்இன் என்னும் துணை மென்பொருளாலும் அந்தத் தாலாட்டைத் தேற்ற முடியவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கடைக்குப் போவது மூன்றாவது படியில்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை.

படி 1: அறையைக் கேளுங்கள்

முதல் வாரம் பாடவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். கையில் இருக்கும் போனை அறையின் நடுவில் வைத்து ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். விடியற்காலை 5 மணி, காலை 10, மதியம் 2, இரவு 11 என்று நான்கு வேளை. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேட்டால் உங்கள் தெருவின் ஜாதகமே தெரிந்துவிடும்.

விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவன் நான். சித்திரை, வைகாசியில் அந்த நேரம் குயிலுக்குச் சொந்தம். அது ஓய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவார். தெருவில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இருந்தால் ஆடி மாதத்தை எடிட்டிங்குக்கு ஒதுக்கிவிடுங்கள். எங்களுக்கு மீனம்பாக்கம் பக்கம் என்பதால் விமானம் வேறு. கடைசியில் எனக்கு வாய்த்தது மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, தெரு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். வெயில் கொளுத்துவதும் அப்போதுதான். ஏசி இருந்தால் அரை மணி நேரம் ஓடவிட்டு அறையைக் குளிரவைத்து, டேக் (ஒருமுறை பாடிப் பதிவது) எடுக்கும்போது நிறுத்துங்கள். ஒரு பாட்டு நாலைந்து நிமிடம், அதுவரை தாங்கும். ஏசி இல்லாவிட்டால் ஒரு டேக், ஐந்து நிமிடம் ஃபேன், அப்புறம் இன்னொரு டேக். பாடுபவர் கையில் ஒரு துண்டும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுங்கள்.

அடுத்து, அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய ஓசை அங்கேயே நிற்காமல் உலோகம்போல் ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் உள்ள நம் ஊர் அறைகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். துணி அடைந்த அலமாரியின் கதவைத் திறந்து வையுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை இரண்டைக் கொடிகட்டித் தொங்கவிடுங்கள். தரையில் ஜமக்காளத்தையோ பழைய மெத்தையையோ விரியுங்கள். முதுகுப் பக்கம்தான் முக்கியம். மைக் பாடுபவரைப் பார்த்து நிற்கிறது, அதனால் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து எதிரொலிப்பதையும் அது நேராக வாங்கிக்கொள்ளும்.

முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். மெல்லிய அட்டை மேல்ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், குரலின் கனமான பகுதியை அது தொடக்கூடத் தொடாது. மூன்றே மாதத்தில் கரப்பான் பூச்சிக்கு ஒரு குடியிருப்புக் கட்டிக் கொடுத்ததாக ஆகும்.

அறைக்குள் அதிரும் பொருள்களையும் தேடுங்கள். இரும்பு பீரோவின் கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, சுவரில் தொங்கும் படம். "ஊ" என்று கீழிருந்து மேலாகச் சுருதியை இழுத்துக்கொண்டே போங்கள். எங்கேயாவது ஏதாவது கூடவே முனகும். பாட வருபவரிடம் வளையல், கொலுசைக் கழற்றிவைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். கஞ்சி போட்ட காட்டன் புடவையின் சரசரப்புக்காக ஓர் அருமையான டேக்கைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

படி 2: மின்சாரம்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் "ம்ம்ம்" என்று ஓர் அடித்தொனி நிலையாகக் கேட்டால் அது 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் உட்கார்ந்திருக்கும் மின் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் சார்ஜரில் அல்லது எர்த்தில் குறை. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். உயிருக்கும் அதுதான் நல்லது. எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும்போது "ஜ்ஜ்ஜ்" என்று வந்தால் சுழற்றும் வகை ஃபேன் ரெகுலேட்டரையும் விளக்கு டிம்மரையும் சந்தேகியுங்கள்.

படி 3: வாங்க வேண்டியவை

கணினி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாங்க வேண்டியவை ஐந்து: ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், மூடிய வகை ஹெட்போன், மைக் ஸ்டாண்ட், பாப் ஃபில்டர். மைக்கை இன்டர்ஃபேஸில் இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். கேபிளை மறந்துவிட்டு வீடு திரும்புபவர்களும் உண்டு, சேர்த்தால் ஆறு.

இன்டர்ஃபேஸ் என்பது மைக்கின் மெல்லிய மின்னலையைப் பெருக்கி எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெரிங்கர் போன்றவற்றின் இரண்டு உள்ளீட்டுப் பெட்டி தொடக்கத்துக்குப் போதும். தனியாகப் பாடுபவர்கள் ஒற்றை உள்ளீடு வாங்கலாம் என்று தோன்றும். ஒரு மிருதங்கக்காரர் வீட்டுக்கு வரும் நாளில் வருத்தப்படுவீர்கள்.

மைக்கில் இரண்டு சாதி. கண்டன்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும், இன்டர்ஃபேஸிலிருந்து கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் கேட்கும், எதிர்வீட்டுக் குக்கர் விசிலையும் கேட்கும். டைனமிக் மைக் கொஞ்சம் மந்தம், ஆனால் வாய்க்கு அருகில் இருப்பதைத்தான் முதன்மையாக எடுக்கும். போர்வையும் மெத்தையும் கொண்டு சமாளிக்கும் அறைக்கு டைனமிக்கையே சொல்வேன். 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றைக்கும் மெல்லிசை மேடைகளில் நின்றுகொண்டிருக்கிறது, அதுவே போதும். அதற்குப் போலிகளும் ஏராளம். ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நான் வாங்கியது ஆறு மாதத்தில் உள்ளுக்குள் கலகலவென்று உருண்டது. பில், உத்தரவாதம் இரண்டையும் தருகிற விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

1842இல் தொடங்கிய, மவுண்ட் ரோட்டில் இருக்கும் மியூஸி மியூசிகல் போன்ற இசைக் கடைகளில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கேபிள், கனெக்டர், சாலிடரிங் சாமான்களுக்கு ரிச்சி தெரு. கேபிளை வாங்குவதைவிட நீங்களே ஒன்றைச் சாலிடர் செய்து பாருங்கள். பின்னால் பாதி ராத்திரியில் "கரகர" வரும்போது பயம் இருக்காது.

ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி தாமதித்து வரும், பாடுபவர் தாளத்தைத் தொலைப்பார். அப்புறம் இந்த ஊர் ஈரக்காற்று. கண்டன்சர் மைக் வைத்திருப்பவர்கள், அதிலும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மைக்கை வையுங்கள். ஈரம் ஏறிய மைக் பொரி பொரிவதுபோல் சத்தம் போடும்.

ஸ்பீக்கரை முதல் வருடம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. பத்தடி அகல அறையில் 57 ஹெர்ட்ஸை ஒட்டிய அடித்தொனி இரண்டு சுவர்களுக்கு இடையே நின்று கும்மென்று வீங்கும். நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து அது இரண்டு மடங்காகக் கேட்கலாம், காணாமலும் போகலாம். அதை நம்பிக் குறைத்தால் வெளியில் பாட்டு நோஞ்சானாக ஒலிக்கும். நல்ல ஹெட்போன் அவ்வளவு பொய் சொல்லாது.

படி 4: மென்பொருள்

பதிவும் மிக்ஸிங்கும் செய்யும் மென்பொருள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் கையோடு வருகிறது. விண்டோஸில் ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிடித்தால் தனி நபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். எதில் செய்தாலும் பாட்டு ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஒன்றில் பத்துக் குறுக்கு விசைகள் விரலில் பழகுவதற்குள் அடுத்ததுக்குத் தாவுவதுதான் புதியவர்களின் ஒரு வருடத்தைத் தின்கிறது.

அதில் வரும் இ.க்யூ. (அடித்தொனி, மேல்தொனிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது), கம்ப்ரஸர், ரிவெர்ப் (மண்டப எதிரொலி) மூன்றும் போதும். புதிய ப்ளக்இன் வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

படி 5: பதிவு

ப்ராஜெக்ட்டை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். வீடியோவுக்கும் அதுதான் பொருந்தும். 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே ஏட்டளவில் 96 டெசிபெல் இடம், 24 பிட்டில் 144. இவ்வளவு இடம் இருக்கும்போது மீட்டரைச் சிவப்புவரை முட்டவிடத் தேவையே இல்லை. பாட்டின் உச்சமான இடத்தைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 10 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி கெயின் (இன்டர்ஃபேஸ் மைக்கைப் பெருக்கும் அளவு) வையுங்கள். ரிகர்சலில் அடக்கிப் பாடுபவர்கள் டேக்கில் உணர்ச்சிவசப்பட்டு ஏற்றுவார்கள், அதற்கும் இடம் வேண்டும். சிவப்பில் முட்டி உடைந்த ஒலியை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

பாடுபவர் "என் குரல் எனக்கே லேட்டாகக் கேட்கிறது" என்றால் பஃபர் அளவை (கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துக் கையாளுகிறது என்பதை) பாருங்கள். 1024 சாம்பிள் என்றால் போகும் வழியில் மட்டும் 21 மில்லிநொடித் தாமதம், 128 என்றால் 3க்கும் குறைவு. பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 1024. கணினி திணறினால் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிடுங்கள்.

இப்போது மைக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. இதற்கு அளவு டேப் தேவையில்லை: ஒரு சாண். கட்டைவிரல் மைக்கிலும் சுண்டுவிரல் உதட்டிலும் படும்படி விரித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னும் நெருங்கினால் அடித்தொனி தடித்துக் குரல் வானொலி அறிவிப்பாளர்போல் ஆகும். தாலாட்டுக்கும் காதல் பாட்டுக்கும் அது அழகு, கும்மிப்பாட்டுக்கு ஒத்துவராது. இரண்டு சாணுக்குத் தள்ளிப் போனால் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். இந்த ஒரே விஷயத்தைப் பத்து நாள் பயிற்சி செய்தால் பின்னால் இ.க்யூ.வில் செய்ய வேண்டிய பாதி வேலை மிச்சம்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். கையில் படும் அந்தக் காற்றுத்தான் பதிவில் "டொப்" என்று விழுகிறது. பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்து, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிவையுங்கள். "ச", "ஸ" கூர்மையாகச் சீறுபவர்களுக்கும் இதே மருந்து.

சுருதிப் பெட்டி ஹெட்போனுக்குள் மட்டும் ஒலிக்க வேண்டும். அறையில் ஓடவிட்டால் குரலோடு அதுவும் பதிவாகும். பின்னால் ஒரு ஸ்வரத்தைச் சற்று ஏற்றித் திருத்தப் பார்த்தால் கூடவே சுருதியும் ஏறி வழுக்கும். பாடும் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் ஒரு கட்டை என்பது சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. பாடுபவர் "அஞ்சரை" என்றதும் நீங்கள் ஜி ஷார்ப்புக்குப் போக வேண்டும். ஹெட்போனில் தாளம் காட்டும் க்ளிக் வைக்கும்போது ஆதி தாளத்துக்கு நான்கு எண்ணிக்கை வீதம் இரண்டு பார், ரூபகத்துக்கு மூன்று, கண்ட சாபுவுக்கு ஐந்து, மிஸ்ர சாபுவுக்கு ஏழு என்று முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். மிஸ்ர சாபுப் பாட்டை நான்குக்கான க்ளிக்கில் பாடவைத்தால் பாடுபவர் உங்களைப் பார்க்கும் பார்வையை நான் பட்டிருக்கிறேன்.

கோடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே சமயத்தில் வாசித்துப் பதிவாகும். ஒரு வயலின் தவறினாலும் எல்லோரும் முதலிலிருந்து. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பிழையான வரியின் மேல் மட்டும் மறுபடி பதிவு செய்து பஞ்ச் போடலாம். ஆனாலும் முதலில் மூன்று டேக் முழுப்பாட்டாக எடுங்கள். வரிவரியாக ஒட்டிய பாட்டில் மூச்சு இருக்காது. மூன்று முழு டேக்கும் கையில் இருந்தால் நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். டேக் முடிந்ததும் முகத்தைச் சுளிக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்குக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு உங்கள் புருவம்தான் மீட்டர்.

மிருதங்கம் வந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆங்கில வீடியோக்கள் ட்ரம்ஸுக்குப் பன்னிரண்டு மைக் வைக்கச் சொல்லித் தரும், மிருதங்கத்தைப் பற்றிப் பேசாது.

வலந்தலையும் (வலப் பக்கம்) தொப்பியும் (இடப் பக்கம்) இரண்டு வேறு வாத்தியங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு மைக், ஒரு சாண் தள்ளி, தோலின் நடுவை நேராகப் பார்க்காமல் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் குறிவைத்து. வலந்தலையில் சோறு போட்ட கருப்பு வட்டத்தின் நாதம் தேவை, விரல் படும் "டிக்" ஓசையும் தேவை. இரண்டும் சமமாகக் கேட்கும் கோணத்தை ஹெட்போன் போட்டுக்கொண்டு மைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும். தொப்பிப் பக்கம் ரவை பூசி ஈரமாக இருக்கும். கும்கி (தோலை அழுத்தி வழுக்கி எழுப்பும் அடித்தொனி) கொடுக்கும்போது காற்றும் வரும், அங்கே இன்னும் நாலு விரல் தள்ளியிருக்கட்டும்.

இரண்டு மைக் வைத்ததுமே புதிய சிக்கல் ஒன்று வரும். ஒலி ஒரு மில்லிநொடியில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்யும். தொப்பியின் அடி முதலில் தொப்பி மைக்கையும், கொஞ்சம் பிந்தி வலந்தலை மைக்கையும் சேரும். இரண்டையும் கலக்கும்போது அலைகள் ஒன்றையொன்று தின்று, அந்த "தொம்" சோகையாகிவிடும். ஒரு ட்ராக்கில் ஃபேஸ் புரட்டும் (அலையைத் தலைகீழாக்கும்) பொத்தானை அழுத்திக் கேளுங்கள். எப்படி வைத்தால் "தொம்" நிறைவாக இருக்கிறதோ அப்படியே விடுங்கள். கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், காது சொல்வதே போதும்.

வெயிலில் ஸ்கூட்டரில் வந்த மிருதங்கத்தை உடனே ஏசி அறையில் சுருதி சேர்த்து வாசித்தால் மூன்றாவது டேக்கில் சுருதி நகர்ந்திருக்கும். அரை மணி நேரம் வாத்தியம் அறைக்குப் பழகட்டும். வித்வானுக்குக் காப்பி கொடுக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.

படி 6: மிக்ஸிங்

முதல் அரை மணி நேரம் எந்த ப்ளக்இன்னையும் திறக்காதீர்கள். ட்ராக்குகளுக்குப் பெயர் வைத்து, இருமல், செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, வெறும் லெவல்களை மட்டும் ஏற்றி இறக்கி ஒரு மிக்ஸ் செய்யுங்கள். மோனோவில் (இரு காதிலும் ஒரே ஒலி), பக்கத்தில் இருப்பவரோடு பேசும் அளவு சத்தத்தில். ஒலியின் அளவைப் பொறுத்துக் காது அடித்தொனியைக் கேட்கும் விதமே மாறுகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். சத்தமாக வைத்தால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். சின்னச் சத்தத்தில் பாட்டின் வரிகள் புரிகின்றனவா என்பதே சோதனை. அப்புறம் பரப்புங்கள்: குரலும் பேஸ் கிட்டாரும் நடுவில், மிருதங்கமும் நடுவை ஒட்டி, வயலின், புல்லாங்குழல், கிட்டார் எல்லாம் இரு பக்கமும்.

இ.க்யூ.வில் முதல் வேலை கழிப்பது. ஆண்குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெண்குரலுக்கு 100 அல்லது 120க்குக் கீழே பாட்டு எதுவும் இல்லை. லாரி, ஸ்டாண்டு அதிர்வு, மின் இரைச்சலின் ஒரு பகுதி, அவ்வளவுதான். வெட்டிவிடுங்கள். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் 250 முதல் 400 வரை இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். மூக்கால் பாடுவதுபோல் இருந்தால் 1000த்தை ஒட்டி. வார்த்தை தெளிவில்லை என்றால் 3000 முதல் 5000 வரை ஒரு கை ஏற்றலாம். "ழ", "ள" வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், தமிழ்ப் பாட்டுக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. சீறல் 6000 முதல் 8000 வரை இருக்கும். இந்த எண்களெல்லாம் தேடத் தொடங்கும் இடங்கள்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் இ.க்யூ.வை அணைத்து, போட்டு, ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

கம்ப்ரஸரைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். அதை நான் புரிந்துகொண்டது எங்கள் தாத்தாவின் கையில் இருந்த டிவி ரிமோட்டை வைத்துத்தான். சீரியல் ஓடும்போது சும்மா இருப்பார், விளம்பரம் அலறினால் சத்தத்தைக் குறைப்பார். எவ்வளவு சத்தம் வந்தால் ரிமோட்டை எடுப்பார் என்பது த்ரெஷோல்ட். எடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்பது ரேஷியோ. எவ்வளவு வேகமாகக் கை போகும் என்பது அட்டாக். விளம்பரம் முடிந்தபின் எவ்வளவு நேரம் கழித்துப் பழைய சத்தத்துக்குக் கொண்டுவருவார் என்பது ரிலீஸ். தாத்தா சுறுசுறுப்பாக இருந்தால் விளம்பரத்தின் முதல் அலறலே கேட்காது. மிருதங்கத்தில் அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் விரல் அடியின் கூர்மை போய்விடுவது இதனால்தான், அங்கே 20, 30 மில்லிநொடி விடுங்கள். அவர் தூங்கிவிட்டு ரிலீஸ் செய்ய மறந்தால் அடுத்து வரும் மெல்லிய வசனம் காதில் விழாது. குரலுக்கு ரேஷியோ மூன்றுக்கு ஒன்று, அட்டாக் 10 மில்லிநொடி, ரிலீஸ் 100ஐ ஒட்டி வைத்து, உச்ச வரிகளில் 3 முதல் 6 டெசிபெல் குறையும்வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். பிறகு மொத்தமாகச் சத்தத்தை ஏற்றுவீர்கள் அல்லவா, அப்போதுதான் ஃபேன் வரும். படி 1க்குத் திரும்பிப் போகவும்.

ரிவெர்பை ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போடாமல் ஒரே ஒரு தனி ட்ராக்கில் போட்டு, மற்றவற்றிலிருந்து தேவையான அளவு அனுப்புங்கள். எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ரிவெர்ப் ட்ராக்கிலேயே 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குழைசல் குறையும். தாளத்தோடு திரும்பி ஒலிக்கும் டிலேக்குக் கணக்கு எளிது: 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கான மில்லிநொடி வரும். டெம்போ 100 என்றால் 600, அதில் பாதி 300. கல்யாண மண்டப மைக் செட் எக்கோவில் வளர்ந்த தலைமுறை நாம். அளவு சரி என்று தோன்றும் இடத்திலிருந்து கால்வாசியைக் குறைத்துவிடுவது என் வழக்கம்.

சுருதித் திருத்தி பற்றி ஒரு எச்சரிக்கை. தானியங்கி ஆட்டோட்யூனை வேகமாக வைத்து ராகம் சார்ந்த பாட்டில் போட்டால் கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) இழுத்துப் பிடித்துப் படிக்கட்டாக்கிவிடும். தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, அது அசைவதுதான் அந்த ஸ்வரம். மெஷினுக்கு அது பிழையாகத் தெரியும். தானியங்கியை அணைத்துவிட்டு, கார்வையாக நின்று பாடும் ஸ்வரங்களில் இறங்கியிருப்பதை மட்டும் கையால் தொடுங்கள். முடிந்தால் மறுபடி பாடச் சொல்வதே மேல்.

மிக்ஸ் முடிந்தது என்று தோன்றியதும் கணினியை மூடிவிட்டு மறுநாள் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில், காரில், அம்மா சமையல் செய்யும்போது அடுத்த அறையிலிருந்து. சமையலறையிலிருந்து "என்ன பாடறான்னு ஒண்ணும் புரியலையே" என்று குரல் வந்தால் குரலை ஒரு டெசிபெல் ஏற்றுங்கள். கூடவே, உங்களுக்குப் பிடித்த, நன்றாக மிக்ஸ் செய்யப்பட்ட ஒரு பாட்டை அதே சத்த அளவுக்குக் குறைத்து வைத்து மாறிமாறிக் கேளுங்கள். முதல் தடவை அழுகை வரும், பழகிவிடும்.

படி 7: வெளியே அனுப்புவது

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சத்தமான பாட்டுகளைத் தாங்களே மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் மொத்தச் சத்தத்துக்கான அலகு) அளவுக்கு இறக்கிவிடுகின்றன. அதனால் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரால் பாட்டைச் சப்பாத்தி மாவுபோல் அழுத்தித் தேய்ப்பதில் லாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள், போதும்.

குரலை மட்டும் நல்ல அறையில் எடுக்க ஆசை என்றால், வடபழனி, சாலிகிராமம் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு, மிக்ஸிங்கை வீட்டில் செய்யலாம். மற்ற ட்ராக்குகளைக் கொண்டுபோகும்போது எல்லா ஃபைலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும், பெயரில் டெம்போவும் கட்டையும் இருக்கட்டும். அங்கே என்ஜினியர் மைக்கை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கேட்டால் சொல்லித் தருவார்கள். முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தரமணியில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. வீட்டோடு இருக்கும் ஸ்டுடியோ இந்த ஊருக்குப் புதிதில்லை. ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டை ஒட்டித்தான் தொடங்கியது.

கடைசியாக, ப்ராஜெக்ட் முழுவதையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அக்கா வீட்டில். கீழ்த்தளத்தில் குடியிருந்தால் உங்களிடம் இருப்பதைப் பரண் மேல் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த ஊரில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.